இரவுக்குத் துணையாக ஒரு முழுக் கச்சேரி

இரவுச் சுற்றின்போது வார்டில் நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. நோயாளி உறங்கியிருப்பார், கட்டிலருகே பாய் விரித்திருக்கும் துணையாளரோ உறக்கமின்றிக் கைபேசியில் அரை நிமிடக் காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டிருப்பார். அவை கண்ணைக் களைப்பாக்குமேயன்றி மனத்தை ஆற்றுவதில்லை. அத்தகைய இரவுகளுக்கு வேறொரு துணையைப் பரிந்துரைக்க விரும்புகிறேன்: பழைய மேடைக் கச்சேரிகளின் முழுப் பதிவுகள்.

பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடங்களே பாட இயலும். ஆலாபனையும் நிரவலும் அதற்குள் சுருங்க வேண்டியிருந்தது. ஒலிநாடாக் கருவி வந்த பின்னரே ரசிகர்கள் கச்சேரிகளைத் தொடக்கம் முதல் மங்களம் வரை பதிவு செய்து காத்தனர். அமெரிக்க ராக் குழுவான ‘கிரேட்ஃபுல் டெட்’, 1984இல் தன் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் ரசிகர்களுக்கெனத் தனி இடமே ஒதுக்கியது. ஒரே பாடலையும் ஒவ்வொரு நாளும் புதிதாக வளர்த்து வாசித்த குழு அது. ஆகவே ஒவ்வொரு நாளின் பதிவுக்கும் தனி மதிப்பு உண்டு. நம் கச்சேரிகளும் அத்தகையவையே.

புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு இதில் கூடுதல் உரிமை உண்டு. நம் குடுமியான்மலையில் இசைச் சுரங்களைக் கல்லிலேயே வெட்டிவைத்துள்ளனர். ஆனால், கல்லில் சுரம் நிற்கும், நாதம் நிற்பதில்லை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கிய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை 1922இல் மறைந்தார். அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை 1936இல் மறைந்தார். வீடுகளில் ஒலிநாடா பரவியது அதற்குப் பின்னரே. அவ்வழியில் வந்த மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) அக்காலத்தைக் கண்டவர். இடக்கையால் வாசித்ததால் அவருக்காக மேடையில் வயலின் கலைஞர் இடம் மாறி அமர வேண்டியிருந்தது. அதை விரும்பாதோரும் இருந்தனர். செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை ஆதரித்து உடன் வாசிக்கச் செய்தார். மதுரை மணி ஐயர் போன்றோருடன் பழனி வாசித்த கச்சேரிகளின் பதிவுகளை இன்றும் நாம் கேட்கலாம்.

எப்படிக் கேட்பது? இசையறிவு கட்டாயமன்று. முதலில் தாளத்தை விரலால் எண்ணுங்கள். ஆதி தாளமெனில் எட்டு எண்ணிக்கை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறிப் பேசும்; முறைகள் படிப்படியாகக் குறுகி, இறுதியில் இரண்டும் ஒன்றுகூடிக் கோர்வையில் முடியும்; பாடகர் விட்ட இடத்தில் பாட்டை எடுப்பார். அக்கணத்தில் எழும் கைதட்டலையும் விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் கரகரத்த குரல் மெல்லத் தெளிவதும், யாரோ இருமுவதும், முன்வரிசையில் ஒருவர் ‘பலே’ என்பதும் பதிவின் குறைகள் அல்ல. தனித்திருக்கும் இரவில் நூறு பேர் நடுவே அமர்ந்திருக்கும் உணர்வைத் தருபவை அவையே.

மருத்துவனாக ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும்: இசை மருந்துக்கு மாற்றாகாது. எனினும், அறுவைச் சிகிச்சைக்கு முன் இசை கேட்பது பலருக்குப் பதற்றத்தைத் தணிப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. துணையாளரின் மனமும் அமைதி பெறத் தக்கதே. அவர் தளர்ந்தால் நோயாளியின் பராமரிப்பும் தளரும்.

சில வேண்டுகோள்கள். பிறர் உறக்கம் கெடாதிருக்கக் காதொலிப்பான் பயன்படுத்துங்கள். ஒலியளவைப் பாதிக்கு மேல் உயர்த்தாதீர்கள். துணையாளர்கள் ஒரு காதைத் திறந்தே வைத்திருங்கள். நோயாளி அழைப்பதும் செவிலியர் கூறுவதும் கேட்க வேண்டும். நோயாளிக்குக் கேட்க விருப்பமில்லையெனில் வற்புறுத்த வேண்டாம். உறக்கம் வந்தால் பாதியில் நிறுத்திவிட்டு உறங்குங்கள். மீதிக் கச்சேரியை நாளை இரவு கேட்கலாம்.