உங்களுக்குத் தெரியுமா? இடது காலுக்கு வேலை போச்சு!

● ஹைதராபாத் ஜூப்ளி ஹில்ஸ் ஏற்றத்தில் சிக்னல் விழுந்தால், கியர் வண்டி ஓட்டுபவருக்கு அடிவயிறு கலங்கும். கிளட்சைப் பாதி விட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து, பின்னால் ஒட்டி நிற்கும் பைக்கின் மேல் உருண்டுவிடாமல் பிடித்து நிறுத்தும் அந்த 'ஹாஃப் கிளட்ச்' வித்தையில் தேய்ந்து போவது கிளட்ச் பிளேட்தான். மின்சாரக் காரில் அந்த பிளேட்டே கிடையாது. நின்ற இடத்திலேயே மோட்டார் முழு இழுவிசையையும் தந்துவிடுவதால், பெரும்பாலான மின்சாரக் கார்களுக்கு ஒரே ஒரு கியர் போதும்.

● 2014இல் மாருதி செலேரியோ மூலம் இந்தியாவுக்கு அறிமுகமான ஏ.எம்.டி. என்ற ஆட்டோமேட்டிக் காருக்குள் இருப்பது சாட்சாத் மேனுவல் கியர்பாக்ஸ்தான்! கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி இயக்குகிறது, அவ்வளவே. விலை கைக்கு அடங்கியதும், மைலேஜ் பெரிதாக அடிவாங்காததும் அதனால்தான். கியர் மாறும்போது தலை ஒருமுறை முன்னே ஆடும். 'இதெல்லாம் ஒரு ஆட்டோமேட்டிக்கா?' என்று கேட்கும் பிடிவாதக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹில் ஹோல்ட் வசதி இல்லாவிட்டால் ஏற்றத்தில் இதுவும் பின்னால் உருளும், ஜாக்கிரதை.

● ஆட்டோமேட்டிக்குக்குப் புதிதாக மாறுபவர்களுக்கு எதிரி, பழக்கப்பட்ட இடது கால்தான். கிளட்ச் என்று நினைத்து அது ஓங்கி மிதிப்பது பிரேக்கை! பின்னால் வருபவர் நம் டிக்கியில் வந்து நிற்பார். இரண்டு மிதிகளுக்கும் வலது கால் மட்டுமே. இடது கால் ஓரத்தில் சும்மா கிடக்கட்டும்.

● சிங்கப்பூரில் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும் '3ஏ' என்று தனி உரிமம். நம் நாட்டில் காருக்கு அந்தப் பிரிவினை இல்லை.

● பெட்ரோல் கார் நெரிசலில் எண்ணெய் குடிக்கும், நெடுஞ்சாலையில் சிக்கனமாகும். மின்சாரக் காருக்குக் கதை தலைகீழ். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். ஆகவே ஊருக்குள் ஊர்ந்து போவதைவிட, ஹைதராபாத்தின் 158 கி.மீ. வெளிவட்டச் சாலையில் சீறிப் பறந்தால்தான் சார்ஜ் சீக்கிரம் இறங்கும்.

● மின்சாரத்தைத் திருப்பி எடுக்கும் இதே வித்தையின் உச்சத்தை ஹைதராபாத் நேரிலேயே பார்த்திருக்கிறது. 2023 பிப்ரவரி 11 அன்று ஹுசேன் சாகர் கரையில் நடந்ததுதான் மின்சாரக் கார்களுக்கான ஃபார்முலா ஈ தொடரின் முதல் இந்தியப் பந்தயம். அந்தக் கார்கள் பந்தயத்தில் செலவிடும் ஆற்றலில் 40 சதவீதத்துக்கு மேல் பிரேக் பிடிக்கும்போது கிடைப்பதே! வென்றவர் பிரான்ஸின் ழான்-எரிக் வெர்ன். மறு ஆண்டே பந்தயம் ரத்தானது தனிக்கதை.

● கார் பழசு, விற்க மனசு வரவில்லையா? ஆல்டோ, டிசையர் போன்ற கார்களின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் பொருத்தும் வேலையில் முதலில் இறங்கியவர்களில் ஹைதராபாத்தின் 'இ-ட்ரியோ'வும் உண்டு. பிறகு அது மூன்று சக்கர வண்டிப் பக்கம் போய்விட்டது.

● 2024 நவம்பரில் தெலங்கானா அரசு போட்ட உத்தரவுப்படி, மின்சாரக் காருக்குச் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் முழுக்கத் தள்ளுபடி. கெடு: 2026 டிசம்பர் 31.