உஷார்! பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் அடிக்குறிப்பைத் திறந்து பாருங்கள்

ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொடுக்கப் போகிறீர்களா? அதில் எங்காவது ஒரு தீர்ப்போ, சட்டப் பிரிவோ வருகிறதா? தயவுசெய்து இரண்டு நாள் பொறுங்கள்.

போன மாதம் என் மேசைக்கு ஓர் ஆய்வேடு வந்தது. மரண தண்டனையைப் பற்றிய சமூகவியல் ஆய்வு. நான்கு வருட உழைப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது. மூன்றாம் இயலில் ஒரு வரி: "பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு செல்லும் என்று பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது." படித்ததும் எனக்குப் பகீரென்றது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2024 ஜூலை 1 அன்று. 1980இல் நீதிபதிகள் முன்னால் இருந்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் 302.

நடந்தது இதுதான். புதிய சட்டம் வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, அந்த மாணவி கம்ப்யூட்டரில் 302 என்று இருந்த இடமெல்லாம் 103 என்று ஒரே தட்டில் மாற்றிவிட்டார். இந்த ஒரு வருடத்தில் இப்படி மாற்றிய ஆய்வேடுகள் மூன்றைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு பதற்றத்தோடு எழுதுகிறேன்.

2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றம் பழைய சட்டத்தின்படியே குற்றம். அந்தக் காலத்துத் தீர்ப்பை எடுத்துக்காட்டும்போது அந்தத் தீர்ப்பில் உள்ள பிரிவு எண்ணையே எழுத வேண்டும். வாசகருக்கு உதவியாக இருக்கும் என்று நினைத்தால், "தற்போது பா.நி.ச. பிரிவு 103" என்று அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம். மேற்கோளுக்குள் கை வைக்கக் கூடாது. புதிய சட்டத்திலும் 302 என்று ஒரு பிரிவு உண்டு, அது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவதைப் பற்றியது. "302இல் உள்ளே போனான்" என்று ஊரே பேசிப் பழகிய எண் இப்போது வேறு குற்றத்தின் எண்ணாகிவிட்டது. சட்டத்தின் பெயரைச் சொல்லாமல் வெறும் எண்ணை எழுதினால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? பெயரையும் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள். இந்திய தண்டனைச் சட்டம் 1860ஆம் ஆண்டின் 45ஆவது சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா 2023ஆம் ஆண்டின் 45ஆவது சட்டம். சட்ட எண் இரண்டுக்கும் ஒன்றே, ஆண்டு விட்டுப்போனால் அடையாளமே போய்விடும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் இன்னொரு பொறி: பெயரில் 1973 இருக்கும், சட்ட எண்ணோ 1974ஆம் ஆண்டின் 2.

இதைவிடப் பெரிய ஆபத்து இல்லாத தீர்ப்பு. 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் முன்தீர்ப்புகள் வரிசையாக இருந்தன. எதிர்த்தரப்பு தேடியது, கிடைக்கவில்லை. நீதிமன்றமும் தேடியது, கிடைக்கவில்லை. எல்லாம் சாட்ஜிபிடி புனைந்து கொடுத்தவை. "இது உண்மையான வழக்குதானா?" என்று வழக்கறிஞர் அதனிடமே கேட்டிருக்கிறார், அதுவும் ஆமாம் என்றிருக்கிறது. நீதிபதி கேஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். தொழில்முறை வழக்கறிஞர்களுக்கே இந்தக் கதி என்றால், சட்டம் படிக்காத ஆய்வு மாணவர் எந்த மூலைக்கு?

அப்படிப் புனைந்த சைட்டேஷன் பார்ப்பதற்கு அச்சு அசலாக இருக்கும். ஆண்டு, தொகுதி, எஸ்.சி.சி. என்ற தீர்ப்புத் திரட்டின் பெயர், பக்கம் எல்லாம் உண்டு. போன வருடம் ஒரு கட்டுரையில் அப்படி ஒன்றைப் பார்த்துச் சந்தேகப்பட்டு நூலகத்தில் அந்தத் தொகுதியை இறக்கிப் புரட்டினேன். பெண் தொழிலாளர் உரிமை பற்றிய தீர்ப்பு என்று குறிப்பிட்டிருந்த பக்கத்தில் ஏதோ ஒரு நிலத் தகராறு பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. கட்டுரையாளர் அந்தப் பக்கத்தை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பார்க்காத தீர்ப்பை எழுதாதீர்கள். இந்தக் கட்டுரையில் நான் மன்றாடிக் கேட்பது இது ஒன்றைத்தான். பணம் இல்லை, சந்தா இல்லை என்று சொல்லவும் இப்போது வழியில்லை. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இ-எஸ்.சி.ஆர். தளத்தைத் திறந்து, தன் அதிகாரபூர்வ தீர்ப்புத் திரட்டை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டது. அதே ஆண்டில் எந்தப் பதிப்பகத்தையும் சாராத பொது எண்ணும் வந்தது. தேர்தல் பத்திரத் தீர்ப்பு என்றால் '2024 ஐ.என்.எஸ்.சி. 113'. இந்த எண் ஒன்றே போதும், யாரும் அந்தத் தீர்ப்பை எடுத்துவிடலாம்.

தீர்ப்பு உண்மையானது, பக்கமும் சரி, ஆனாலும் மேற்கோள் பொய்யாகலாம். எப்படி என்று கேட்கிறீர்களா? "புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது" என்று எத்தனை ஆய்வேடுகளில் படித்திருப்பேன்! எந்தப் புட்டசாமி? 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னது ஒரு தீர்ப்பு: (2017) 10 எஸ்.சி.சி. 1. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் பற்றி ஐந்து நீதிபதிகள் சொன்னது இன்னொன்று: (2019) 1 எஸ்.சி.சி. 1. மனுதாரர் ஒருவரே, மனு எண்ணும் ஒன்றே. முதல் தீர்ப்பில் ஒன்பது பேரும் ஒரே முடிவுக்கு வந்தாலும் எழுதியவை ஆறு தனித்தனித் தீர்ப்புரைகள். நீளமான தீர்ப்புரையை எழுதியவர் நீதிபதி சந்திரசூட். அது அவரையும் சேர்த்து நான்கு பேரின் கருத்துதான், ஒன்பதில் நான்கு பெரும்பான்மை ஆகாது. ஆதார் தீர்ப்பிலோ அதே சந்திரசூட் எழுதியது மாறுபட்ட தீர்ப்பு. அதிலிருந்து நாலு வரியை எடுத்து "உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது" என்று எழுதினால், நீதிமன்றம் ஏற்காத ஒன்றை நீதிமன்றத்தின் வாயில் திணிக்கிறோம். எந்த நீதிபதி, பெரும்பான்மையா மாறுபட்டதா, எத்தனையாவது பத்தி, இவை மூன்றும் அடிக்குறிப்பில் வேண்டும். 547 பக்கத் தீர்ப்பைப் பத்தி எண் இல்லாமல் காட்டினால் யார் தேடிப் பிடிப்பது?

தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். நெருக்கடி நிலையின்போது 1976இல் வந்த ஜபல்பூர் தீர்ப்பு, ஆட்கொணர்வு மனு போடும் உரிமையே கிடையாது என்றது. நீதிபதி எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். அந்தத் தீர்ப்பு 2017 புட்டசாமியில் தூக்கியெறியப்பட்டது. தன்பாலின உறவு பற்றிய 2013ஆம் ஆண்டுக் கௌஷல் தீர்ப்பு ஐந்தே ஆண்டில், 2018இல், நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் விழுந்தது. இவற்றை வரலாறாக எழுதுங்கள், தாராளமாக. நடப்புச் சட்டமாக எழுதிவிடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015இலேயே ரத்து செய்துவிட்டார்கள். அதன் பிறகும் காவல் நிலையங்களில் அந்தப் பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது தெரியவந்து 2021இல் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. இணையப் பேச்சு பற்றிய ஆய்வுகளில் இன்றும் 66ஏ நிகழ்காலத்தில் வருகிறது.

தமிழில் ஆய்வேடு எழுதுபவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. உச்ச நீதிமன்றத் தளத்தில் தீர்ப்புகளின் தமிழாக்கம் கிடைக்கிறது, நல்ல விஷயம். ஆனால் வழக்காடுபவர் தன் மொழியில் புரிந்துகொள்வதற்கு மட்டுமே அது, ஆங்கிலப் பிரதியே அதிகாரபூர்வமானது என்று அந்தத் தமிழாக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். தமிழாக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள், மேற்கோளை ஆங்கில மூலத்தோடு ஒத்துப் பாருங்கள், மொழிபெயர்ப்பு உங்களுடையது என்றால் அப்படியே குறிப்பிடுங்கள். அரசமைப்புச் சட்டத்தில் இருப்பது உறுப்பு, மற்றச் சட்டங்களில் இருப்பது பிரிவு. எல்லாவற்றையும் 'பிரிவு' என்று எழுதிப் பழகியதால் "பிரிவு 21" என்றால் எந்தச் சட்டம் என்றே தெரிவதில்லை. வழக்கின் பெயரையும் தீர்ப்புத் திரட்டின் சுருக்கத்தையும் அடிக்குறிப்பில் மொழிபெயர்க்காதீர்கள், ஆங்கில எழுத்திலேயே விடுங்கள். 'இந்திய ஒன்றியம்' என்றும் 'மத்திய அரசு' என்றும் ஆளுக்கொரு விதமாகத் தமிழாக்கினால் அந்த வழக்கை யாராலும் தேடி எடுக்க முடியாது.

கமா எங்கே, வளைவு அடைப்பா சதுர அடைப்பா என்பதெல்லாம் உங்கள் பல்கலைக்கழகம் கேட்கும் முறையைப் பொறுத்தது. புளூபுக்கோ, ஆஸ்கோலாவோ, இந்தியச் சட்ட நிறுவனத்தின் முறையோ, ஒன்றை எடுத்தால் கடைசிவரை அதிலேயே போங்கள். அதில் தப்பு வந்தால் நெறியாளர் திருத்திவிடுவார்.

திருத்தவே முடியாத ஒன்று தலைக்குறிப்பு. எஸ்.சி.சி., ஏ.ஐ.ஆர். போன்ற திரட்டுகளின் தொகுதிகளில் தீர்ப்புக்கு முன்னால் சின்ன எழுத்தில் வரும் சுருக்கம் நீதிபதி எழுதியதல்ல, பதிப்பகத்தின் ஆசிரியர் குழு எழுதியது. அந்தச் சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டு நீதிபதியின் பெயரைப் பக்கத்தில் எழுதினால், அவர் சொல்லாததை அவர் சொன்னதாக ஆக்குகிறீர்கள். மேற்கோள் எடுப்பதென்றால் தீர்ப்புரைக்குள் போய்த்தான் எடுக்க வேண்டும்.

அந்தப் பச்சன் சிங் மாணவியிடம் 1980ஆம் ஆண்டின் இரண்டாம் எஸ்.சி.சி. தொகுதியைக் கொடுத்து, 684ஆம் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னேன். மாலை வந்தபோது முகம் வெளிறியிருந்தது. நீதிமன்றத்தின் முடிவு என்று அவர் மேற்கோள் காட்டியிருந்த நாலு வரி, மரண தண்டனையை எதிர்ப்பவர்களின் வாதமாக நீதிமன்றம் எடுத்துச் சொல்லியிருந்த பகுதி. நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டு, அடுத்த பக்கங்களில் ஏற்க மறுத்திருந்தது. "சார், இதை ஒரு புத்தகத்திலிருந்து எடுத்தேன், அந்தப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது" என்றார். சமர்ப்பிக்கும் தேதியை மூன்று வாரம் தள்ளி வாங்கியிருக்கிறார். இன்னும் அறுபத்திரண்டு அடிக்குறிப்பு பாக்கி.