மடி போதாத பயணம்

செகந்திராபாத், மாரேட்பள்ளி, மல்காஜ்கிரி, பத்மாராவ் நகர் பக்கமெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. கன்டோன்மென்ட் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் வந்து தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கச்சிபௌலியிலும் மாதாப்பூரிலும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும். ஆனால் பிள்ளை பிறந்தால் முதல் முடி இறக்கவும் காது குத்தவும் குலதெய்வக் கோயிலுக்குத்தான் போக வேண்டும். அது விழுப்புரம் பக்கமோ, விருத்தாசலம் பக்கமோ, இன்னும் தெற்கேயோ இருக்கும்.

ஒரு குழந்தை என்றால் இதில் பேச்சே இல்லை. டிக்கெட் போடுவார்கள், கிளம்புவார்கள். ஒரே பிரசவத்தில் மூன்று பிறந்த வீட்டில்தான் விஷயம் புரிய ஆரம்பிக்கிறது. நம் ஊரில் ரயிலோ விமானமோ காரோ, கைக்குழந்தை என்றால் அதற்கு ஒரு மடி இருக்கும் என்று நம்பித்தான் எல்லா ஏற்பாடும் நடக்கிறது. மூன்று வந்துவிட்டால் மடிக்கு எங்கே போவது?

விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஷம்ஷாபாத்திலிருந்து சென்னைக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை பெரியவர் மடியில் வரலாம். ஆனால் ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தைதான். அம்மா, அப்பா இருவர் மட்டும் மூன்று கைக்குழந்தைகளோடு ஏற முடியாது, மூன்றாவதாக ஒருவர் வேண்டும். அப்படியும் மூவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார இடம் கிடைக்காது. மேலிருந்து தொங்கும் ஆக்சிஜன் முகமூடி பொதுவாக ஒரு பக்க வரிசைக்கு ஒன்றுதான் கூடுதலாக இருக்கும் என்பதால் ஆளுக்கொரு வரிசையாகப் பிரித்து உட்கார வைப்பார்கள்.

ரயிலில் ஐந்து வயது வரை டிக்கெட் வேண்டாம், ஆகவே படுக்கையும் கிடையாது. சார்மினார் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கக் குழந்தையை அணைத்தபடி ஒருக்களித்துக் கிடந்த தாய்மார்கள் ஐதராபாத் தமிழ் வீடுகளில் ஏராளம். 2022 மே மாதம் வடக்கு ரயில்வே லக்னோ மெயிலில் கீழ்ப் படுக்கையை ஒட்டி ஒரு சின்னக் குழந்தைப் படுக்கையைப் பொருத்திப் பார்த்தது. நல்ல யோசனை. மூன்று குழந்தை இருந்தால் அப்படி மூன்று கீழ்ப் படுக்கை ஒரே இடத்தில் அமைய வேண்டும். நம் முன்பதிவில் அது நடக்கிற காரியமா?

அதனால்தான் இந்த வீட்டுக்காரர்கள் கடைசியில் காரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், பெட்டி படுக்கையை ஏற்றலாம், நடுவில் ஓர் ஊரில் தங்கலாம். முடிவு சரிதான். ஆனால் காரில்தான் அந்த மடி நம்பிக்கை உயிருக்கே ஆபத்தாகிறது.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், ஐந்து கிலோ குழந்தை அந்தக் கணத்தில் நூறு கிலோவுக்கு மேல் கனத்தோடு கையை விட்டு முன்னால் பாயும். எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. பாசம் குறைவு என்பதால் அல்ல, எலும்பும் தசையும் அவ்வளவுதான் தாங்கும். முன் இருக்கையில் குழந்தையை மடியில் வைத்திருப்பது எல்லாவற்றிலும் மோசம். குழந்தை டேஷ்போர்டுக்கும் பெரியவரின் உடம்புக்கும் நடுவில் நசுங்கும். 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். சீட் பெல்ட் போடாததால் இறந்தவர்கள் என்று மத்திய அரசின் அறிக்கை கணக்கிடுவது 16,715 பேரை. அவர்களில் பாதிப் பேர் பயணிகள்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் வந்தால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. ஆனால் ஹெல்மெட் போடாதவரை மடக்கும் போலீஸ், அம்மா மடியில் கைக்குழந்தை இருக்கும் காரை நிறுத்தி நான் பார்த்ததில்லை. கைக்குழந்தை மடியில்தானே இருக்கும் என்பது நம் எல்லாருக்கும் ஊறிப்போன எண்ணம், காவலர் உட்பட.

மூன்று குழந்தை என்றால் மூன்று இருக்கை. இங்கேதான் காரின் அகலம் இடிக்கிறது. நம் ஊர் ஐந்து இருக்கை கார்களின் பின் சீட்டில் மூன்று குழந்தை இருக்கைகளை வரிசையாக வைப்பது பெரும்பாலும் நடக்காது. இருக்கையைக் கொக்கி போட்டு மாட்டும் ஐசோஃபிக்ஸ் வளையங்கள் ஓரத்து இடங்கள் இரண்டுக்கு மட்டுமே இருக்கும். நடு இடத்தில் வைத்தால் மூன்று முனை பெல்ட்டால் இழுத்துக் கட்ட வேண்டும். ஆகவே ஏழு பேர் வண்டி. கடையில் இருக்கையை வாங்குவதற்கு முன் வண்டியைக் கடை வாசலுக்கே கொண்டுபோய் மூன்றையும் வைத்துப் பார்ப்பது நல்லது. நடு வரிசையில் மூன்றும் அடங்கினால் அதைவிடச் சௌகரியம் வேறில்லை. சின்னக் குழந்தைகள் வண்டியின் பின்பக்கம் பார்த்தபடிதான் உட்கார வேண்டும். மோதல் நேர்ந்தால் தலையையும் முதுகையும் இருக்கையே முழுதாகத் தாங்கிக்கொள்ளும். அப்படி உட்கார்ந்த மூன்று பேரையும் கடைசி வரிசையில் இருக்கும் பெரியவர் கொஞ்சம் எட்டிப் பார்த்தாலே முகம் தெரியும். அடங்காவிட்டால் இரண்டு நடுவில், ஒன்று பின் வரிசையில், அதன் பக்கத்தில் ஓர் ஆள். ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் பின்நோக்கிய இருக்கையை வைக்கவே கூடாது.

புறப்படும் தேதியைப் பஞ்சாங்கம் மட்டும் முடிவு செய்யக் கூடாது. மூன்று குழந்தைகள் ஒன்றாகப் பிறக்கும்போது பெரும்பாலும் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வாரத்திலேயே பிறந்துவிடுகிறார்கள். என்.ஐ.சி.யூ.விலிருந்து வீடு வந்த பிறகும் பரிசோதனைகள் மிச்சம் இருக்கும். அதில் தள்ளிப்போடவே கூடாதது கண் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு விழித்திரை சரியாக வளர்கிறதா என்று முப்பது நாளுக்குள் பார்க்க வேண்டும். டாக்டர் போதும் என்று சொல்லும்வரை திரும்பத் திரும்பப் போக வேண்டும். பஞ்சாரா ஹில்ஸில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை இருக்கும் ஊர் இது. பல ஆண்டுகளாக இந்தக் குறைபாட்டோடு மல்லுக்கட்டும் இடம். "ஊருக்குப் போய்ட்டு வந்து காட்டிக்கலாம்" என்று ஒரு முறை தவறவிட்டால் பார்வையே போகலாம்.

தடுப்பூசி ஆறு, பத்து, பதினான்கு வாரத்தில். அதைப் பிறந்த தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். தலை நிற்பது, குப்புற விழுவது இவற்றை மட்டும் 'கரெக்டட் ஏஜ்' வைத்துப் பார்ப்பார்கள், அதாவது பிரசவத் தேதி குறித்த நாளிலிருந்து. இரண்டு மாதம் முன்னால் பிறந்த ஐந்து மாதக் குழந்தை பயணத்தைப் பொறுத்தவரை மூன்று மாதக் குழந்தைதான். குறைமாதக் குழந்தை சாய்ந்த இருக்கையில் நெடுநேரம் இருந்தால் தாடை நெஞ்சில் முட்டி மூச்சுக்குழாய் ஒடுங்கலாம், ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கலாம். பல நாடுகளில் ஆஸ்பத்திரியை விட்டு அனுப்பும் முன்பே கார் இருக்கையில் உட்கார வைத்துக் கருவி மாட்டிப் பார்க்கிறார்கள். நம் ஊரில் கேட்டால்தான் செய்வார்கள், கேளுங்கள். என் கருத்தைச் சொன்னால், ஏழாம் மாதம் காது குத்து என்று பெரியவர்கள் சொல்வதைப் பதினோராம் மாதத்துக்குத் தள்ளிவிடுங்கள். ஐயனார் கோபிக்க மாட்டார்.

மல்காஜ்கிரியில் என் உறவுக்காரப் பெண்ணின் வீட்டில் இப்படி ஒரு பயணத்துக்கு மூட்டை கட்டுவதைக் கூடவே இருந்து பார்த்தேன். மூன்று பாலாடைகள், ஒவ்வொன்றின் மூக்கிலும் ஒரு நிற நூல், சிவப்பு, பச்சை, மஞ்சள். அதே நிறக் கயிறு குழந்தைகளின் காலிலும். "அசதியில ஒண்ணுக்கு ரெண்டு தடவ ஊட்டிட்டு இன்னொண்ண பட்டினி போட்டுருவோம் அத்தை" என்றாள். பாலாடைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு: யார், எப்போது, எவ்வளவு, மோஷன் போனதா. அவளுடைய மாமியார் பழைய வாயில் புடவைகளை மடித்து மடித்து வைத்தார். தூளியில் தூங்கிப் பழகிய பிள்ளைகள். லாட்ஜில் தூளி கட்ட உத்தரம் ஏது என்று மகன் கேட்டதற்கு, "தரையில விரிச்சாலும் அந்த வாசனைக்குத் தூங்கும்டா" என்றார். மெத்தையைத் தரையில் போட்டு, புடவையை இழுத்துச் செருகி, தலையணை எதுவும் வைக்காமல் மல்லாக்கப் படுக்க வைப்பது என்று முடிவானது. டாக்டர் சொன்னதும் பாட்டி சொன்னதும் ஒத்துப்போன இடம் அது.

வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னைப் பக்கம் போகிறவர்கள் விஜயவாடா சாலையில் நார்க்கெட்பள்ளி வரை போய், அங்கிருந்து மிரியாலகூடா, பிடுகுராள்ள வழியாக அத்தங்கி சாலையைப் பிடித்து, மேதரமெட்லா பக்கம் பெரிய சாலைக்கு வருவார்கள். மொத்தம் 630 கிலோமீட்டர் அளவு வரும். பெரியவர்கள் மட்டும் என்றால் ஒரே பகலில் ஓட்டிவிடலாம். மூன்று கைக்குழந்தையோடு ஓங்கோலில் கட்டாயம் ஓர் இரவு. சென்னையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் இன்னோர் இரவு. சங்கராந்தியை ஒட்டிக் கிளம்பவே வேண்டாம். ஐதராபாத்தில் பாதி ஊர் அந்தச் சாலையில்தான் ஆந்திராவுக்குப் போகும். பந்தங்கி டோல்கேட்டில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது மூன்று பசித்த குழந்தைகளை என்ன செய்வது? ஏப்ரல், மே வெயிலும் ஆகாது. வழியில் வரும் பல்நாடு ஆந்திராவிலேயே சூடு அதிகமுள்ள வட்டாரங்களில் ஒன்று. நிறுத்திவைத்த காருக்குள் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும். ஒரு நிமிடம்தானே என்று குழந்தையை உள்ளே விட்டுவிட்டு இறங்கவே கூடாது. பிப்ரவரி நல்ல மாதம். விடியற்காலை கிளம்ப ஆசை வரும். ஆனால் குழந்தையோடு ராத்திரி முழுக்க விழித்திருந்த அப்பா நாலு மணிக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது. டிரைவர் ஒருவரை வைத்துக்கொள்ளும் செலவு வீண் செலவல்ல.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, மூன்று பேரையும் இருக்கையிலிருந்து எடுத்துச் சமமான இடத்தில் படுக்கப் போட வேண்டும். ஓடும் வண்டியில் பால் கொடுக்கக் கூடாது. தாய்ப்பாலுக்கு இருக்கையிலிருந்து எடுத்தாக வேண்டும், பாலாடையிலும் பாட்டிலிலும் கொடுத்தால் குலுங்கி நெஞ்சில் ஏறும். பீய்ச்சி எடுத்த பாலை ஐஸ் கட்டியோடு மூடிய பையில் ஒரு நாள் வரை வைக்கலாம். பவுடர் பால் கொடுக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தால், காய்ச்சிய வெந்நீர் பிளாஸ்க் தனி, பவுடர் தனி. கொடுக்கும்போதுதான் கலக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். மூவருக்கும் ஊட்டி, ஏப்பம் எடுத்து, துணி மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். ஆக, மூன்று மணி நேரத்தில் இரண்டு மணி நேரம்தான் வண்டி நகரும்.

அந்த ஒரு மணி நேரத்தை எங்கே உட்கார்ந்து கழிப்பது? தமிழ்நாட்டில் 2015-ல் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். எத்தனையோ அறைகள் பூட்டிக் கிடந்தாலும், அப்படி ஓர் இடம் வேண்டும் என்று அரசு ஒப்புக்கொண்டதே பெரிது. நெடுஞ்சாலையில் போகிறவளுக்கு அதுவும் இல்லை. ஹோட்டலில் கடைசி மேஜை, இல்லாவிட்டால் கார் கண்ணாடியில் துண்டை மாட்டிக்கொண்டு உள்ளேயே. 2024 அக்டோபரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 'ஹம்சஃபர்' என்ற கொள்கையை வெளியிட்டது. தேசிய நெடுஞ்சாலை ஓரத்து வசதி மையங்களில் சுத்தமான கழிப்பறை, மின்சார வண்டிக்கு சார்ஜ் ஏற்றும் வசதி இவற்றோடு குழந்தை பராமரிப்பு அறையும் வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியது கட்டடமாக வேண்டும். டோல்கேட்டில் பணம் கட்டிவிட்டுத்தானே போகிறோம்? ஒரு கதவு, ஒரு மின்விசிறி, ஒரு கட்டில், ஒரு தண்ணீர்க் குழாய் போதும்.

அவசரம் என்றால் 108. அந்த எண் 2005 ஆகஸ்ட் 15-ல் இதே ஐதராபாத்தில் தொடங்கியதுதான். தெலங்கானா, ஆந்திரா, தமிழ்நாடு மூன்றிலும் அதே எண். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033. பாட்டியின் போனிலும் இரண்டையும் பதிந்து வையுங்கள். மிரியாலகூடா, ஓங்கோல், நெல்லூர் ஊர்களில் குழந்தை டாக்டர் யார் என்று கிளம்பும் முன்பே விசாரித்து அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கோயிலில் மடிக்குக் குறைவே இல்லை. தாய்மாமன் ஒருவன்தான், அவன் மடியில் ஒவ்வொருவராக உட்கார வைத்து முடி இறக்கிக் காது குத்துவார்கள். ஒன்று அழ, அதைப் பார்த்து மற்ற இரண்டும் அழும். சித்தப்பா, பெரியம்மா என்று ஆளாளுக்குத் தூக்கிக்கொள்ள வருவார்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் தூக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு கிலோவுக்கும் கீழே பிறந்து தேறி வந்த பிள்ளைகள். பிளேடும் ஊசியும் புதிதாக, ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக இருக்கட்டும்.

விருந்து முடிந்த கையோடு "நாளைக்கு ஆபீஸ் இருக்கு" என்று வண்டியைத் திருப்பாதீர்கள். இடம் மாறியதில் குலைந்த தூக்கம் மறுபடி ஒழுங்குக்கு வர நான்கைந்து நாள் பிடிக்கும். ஓங்கோல் லாட்ஜில் திரும்பும் தேதிக்கும் சேர்த்தே அறை பேசி வைத்துவிட்டால், தரைத்தளத்தில் அதே அறையைக் கேட்டு வாங்கலாம்.