சேலத்து வெயிலில் மைனஸ் 40

சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். டர்போ பெட்ரோல் கார். இன்ஜின் லைட் எரிந்தது. ஸ்கேனரில் பி0113 கோடு. இன்ஜினுக்குள் போகும் காற்று மைனஸ் 40 டிகிரி என்று காட்டியதாம், வெளியே மே மாத வெயில். சென்சாரை மாற்றினார்கள், இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது, மறுபடி லைட். இன்னொரு சென்சார், இன்னும் இரண்டு வாரம். "வர்றதெல்லாம் டூப்ளிகேட்டா சார்?"

சென்சார்கள் நிரபராதிகள் என்றே நினைக்கிறேன். அந்த "இரண்டு வாரம்"தான் துப்பு.

பி0113க்கு விளக்கம் "சர்க்யூட் ஹை" என்று வரும். ஹை என்றதும் சூடு என்று எண்ணிக் கூலன்ட்டைத் தேடி ஓட வேண்டாம். ஏறியிருப்பது வோல்டேஜ். இந்த சர்க்யூட்டில் வோல்டேஜ் ஏறினால் குளிர் என்று அர்த்தம்.

அம்மா ஒருத்தி (இன்ஜின் கம்ப்யூட்டர்) இரண்டு பையன்களுக்கு ஐந்து ரூபாய் தருகிறாள். யாருக்குப் பிடிவாதம் அதிகமோ அவனுக்குப் பங்கு அதிகம். ஒருவன் வீட்டுக்குள்ளேயே இருக்கும் சாதாரண ரெசிஸ்டர். அவன் பிடிவாதம் மாறாது. இன்னொருவன், பெரியவன், வாசலுக்கு வெளியே நிற்கும் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற இவன் இளகிவிடுவான். அம்மா வெளியே எட்டிப் பார்ப்பதே இல்லை. பெரியவன் எடுத்த பங்கை வைத்தே வெயிலா குளிரா என்று கணக்குப் போடுகிறாள். ஒயர் அறுந்தால் ஐந்து ரூபாயும் அந்தப் பக்கமே நிற்கும். "ஐயோ, பிள்ளை விறைத்துப்போய் நிற்கிறான்" என்று பல கார்களில் பட்டியலின் கடைசி எண்ணான மைனஸ் 40ஐக் காட்டிவிடுவாள். செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் சேரும் எண் அதுதான். ஸ்கேனர் எந்த அளவில் இருந்தாலும் குழப்பமில்லை.

முழுதாக அறுந்தால் லைட் எரியும், நல்லது. அரைகுறையாகக் கெடுவதில்தான் விஷமம். சென்சாரை ஒயரோடு இணைக்கும் கப்ளரில் தண்ணீர் இறங்கிப் பின்னில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. அது வாசலில் நின்று பங்கு கேட்கும் மூன்றாவது ஆள். அவன் பிடுங்குவதையும் அம்மா பெரியவன் கணக்கில் எழுதி, குளிருகிறது என்று சுடச்சுடப் பாலும் கம்பளியும் கொடுத்தனுப்புகிறாள். (உவமையை இங்கேயே விட்டுவிடுகிறேன். பால் என்றது பெட்ரோலை.)

என்னைக் கவர்ந்த இடம் இதுதான். பரவலாகப் புழங்கும் போஷ் வகை சென்சார் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் வெறும் 320. களிம்பு 500 ஓம் சேர்க்கிறது என்று வையுங்கள். 20 டிகிரியில் 3,000 ஆகும். கம்ப்யூட்டர் 16 என்று படிக்கும், பெரிய பிழை இல்லை. 80 டிகிரியில் 820 ஆகும். 50 என்று படித்துவிடும்! குளிர்ந்த காலையில் வொர்க்‌ஷாப்பில் உத்தமனாக நிற்கும் அதே களிம்பு, சூடேறியதும் 30 டிகிரி பொய் சொல்கிறது. 50 டிகிரி நம்பும்படியான எண் என்பதால் கோடும் வராது.

சாதா இன்ஜினில் இது பெட்ரோல் செலவோடு போகும். டர்போவில் அப்படியில்லை. 30 டிகிரி காற்றை இரு மடங்கு அழுத்தினால், இழப்பே இல்லை என்று வைத்தாலும் 96 டிகிரி ஆகும். நிஜத்தில் நூறைத் தாண்டும். இன்டர்கூலர் இறக்கித் தந்ததை அளந்துதான் தீப்பொறியை எவ்வளவு பின்தள்ளுவது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. 80ஐ 50 என்று நம்பினால் காற்றின் அடர்த்தியை 9 சதவீதம் கூட்டிப் போடும், தீப்பொறியைப் பின்தள்ளாது. பிறகு நாக்கிங்தான்.

வரலாறு கேட்பவர்களுக்கு: சூடேறினால் சில்வர் சல்ஃபைடில் மின்தடை குறைவதை 1833இல் ஃபாரடே கவனித்தார். தெர்மிஸ்டர் சரக்காகச் சந்தைக்கு வர நூறு வருடம் ஆனது. போதும்.

களிம்பு சொல்லும் அதே பொய்யைக் காசுக்கு விற்கிறவர்களும் உண்டு. "பவர் சிப்" என்று ஆன்லைனில் வருபவற்றில் சில, பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒற்றை ரெசிஸ்டர். காற்று சென்சாரோடு கோத்துவிட்டால் பிக்கப் எகிறுமாம். உங்கள் களிம்பு அதை இலவசமாகவே செய்கிறது. போனில் கோடு எண்ணைப் படித்துவிட்டு "சென்சார் பழுது" என்று தீர்ப்புச் சொல்லும் ஆப்களும் இதே ரகம். கோடு சொல்வது சர்க்யூட் என்று. சென்சார் அதில் ஒரு துண்டு.

இரண்டு வாரக் கதைக்கு வருவோம். புது சென்சாரைச் சொருகும்போது பின் உரசிக் களிம்பு சுரண்டப்படுகிறது. வேலை செய்தது அந்த உரசல். பில் மட்டும் சென்சாருக்கு. அதனால் கப்ளரைக் கழற்றாமல் பாருங்கள். இன்ஜின் சூடாக, இக்னிஷன் ஆனில் இருக்கையில், சென்சாரின் எர்த் ஒயரில் பின்பக்கமாக மல்டிமீட்டர் முனையை நுழைத்து, மறுமுனையை பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட், முக்கால் வோல்ட் வந்தால் களிம்போ, விரிந்த பின்னோ, நைந்த ஒயரோ அந்த வழியில் இருக்கிறது. பூஜ்யம் வந்தால் சிக்னல் ஒயரையும் சென்சார் கப்ளரின் இரண்டு பின்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கழற்றிய பழைய சென்சார்கள் வீட்டில் இருந்தால் அவற்றையும் அளந்து பாருங்கள். போஷ் வகையாக இருந்தால் 30 டிகிரி அறையில் 1,700 ஓம் அருகே காட்டும். காட்டினால், அடுத்த முறை புதிது வாங்க வேண்டாம்.