பால் ஆலைத் தண்ணீர் நாறினால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு

பால் பதப்படுத்தும் ஆலையிலிருந்து வரும் கழிவுநீரில் சாயமோ குரோமியமோ கிடையாது. சிந்திய பாலும், தொட்டிகளையும் குழாய்களையும் கழுவிய தண்ணீரும்தான் பெரும்பகுதி. ‘பால்தானே, என்ன கெட்டுவிடும்?’ என்று பலரும் விட்டுவிடுவது இதனால்தான். ஆனால் அந்தப் பாலைத் தின்று பெருகும் நுண்ணுயிரிகள், ஓடை நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன்கள் செத்து மிதக்கும். தண்ணீர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் எழும். இந்த ஆக்சிஜன் பசியை பி.ஓ.டி. என்ற அளவால் குறிக்கிறார்கள். வீட்டுச் சாக்கடையில் இது லிட்டருக்கு 200-300 மில்லிகிராம். பால் ஆலைக் கழிவில் பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டும். பனீர் பிழிந்த தண்ணீரில் 30,000-க்கும் மேல் போகும்.

ஓடையைக் கெடுக்கும் அதே நுண்ணுயிரிகளை ஆலை வளாகத்துக்குள்ளேயே வேலை வாங்குவதுதான் உயிரியல் சுத்திகரிப்பு. முதலில் கொழுப்பை வழித்தெடுக்க வேண்டும். இல்லையேல் அது நுண்ணுயிர்ச் சேற்றில் ஒட்டி, சேற்றையே மிதக்கவைத்து வெளியே அடித்துச் சென்றுவிடும். குழாய் கழுவும் காஸ்டிக் சோடாவும் நைட்ரிக் அமிலமும் மாறி மாறி வருவதால், சமன்படுத்தும் தொட்டியில் கலக்காமல் விட்டால் நுண்ணுயிரிகள் செத்துப்போகும். அடுத்து, காற்றுப்புகாத தொட்டியில் கழிவின் பெரும்பகுதி மீத்தேனாக மாறும். அதை பாய்லரில் எரிக்கலாம். மிச்சத்தைக் காற்றூட்டும் தொட்டி பார்த்துக்கொள்ளும்.

பால் கழிவு நுண்ணுயிரிகளுக்கு எளிதில் செரிக்கக்கூடியது. எனவே ஓடை நாறினால், தொழில்நுட்பம் போதவில்லை என்ற சாக்கை ஏற்காதீர்கள். சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருப்பது வேறு, அதை இரவும் பகலும் ஓட்டுவது வேறு. மின்செலவை மிச்சப்படுத்தக் காற்றூட்டிகளை நிறுத்தினால் அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு மூச்சு நின்றுவிடும்.

வெளியேற்றும் நீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 100 மில்லிகிராமையும், எண்ணெய்-கொழுப்பு 10 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்கின்றன மத்திய அரசின் சுற்றுச்சூழல் விதிகள். கலக்கும் நீர்நிலை குடிநீர் ஆதாரமாக இருந்தால் பி.ஓ.டி. வரம்பை 30 வரை இறுக்கலாம்.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி, ஆலைக்கு விதித்த நிபந்தனைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பதிவேட்டில் வைக்க வேண்டும்; பாதிக்கப்பட்டவர் அதைப் பார்வையிடலாம். காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும்.

தமிழ்நாட்டில் புகாரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தேதி, நேரத்துடன் படம் எடுங்கள். நீங்களே பாட்டிலில் பிடித்த தண்ணீரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். சட்டம் சொல்லும் முறைப்படி வாரிய அலுவலர் எடுக்கும் மாதிரிதான் சான்றாக நிற்கும். அது கழிவு வெளியேறும் நேரத்தில் எடுக்கப்பட வேண்டும் என்று புகாரிலேயே கேளுங்கள். கிணறும் கெட்டிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், அதன் நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம்.

ஆபத்து ஆலைக்குள்ளும் உண்டு. சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டியில் இறங்கும் தொழிலாளியை ஹைட்ரஜன் சல்பைடு நொடியில் சாய்த்துவிடும். வாயுவை அளக்காமல், பாதுகாப்புக் கருவி இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது. காப்பாற்றப் போகிறவருக்கும் இதே விதிதான்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதைப் பாலாற்றுத் தோல் ஆலைகள் தொடர்பான வேலூர் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. புகாருக்குப் பலன் இல்லாவிட்டால், சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் வழக்கறிஞர் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். மாசைத் தடுக்கக் கோரும் மனுவுக்குக் கெடு 6 மாதம், இழப்பீட்டு மனுவுக்கு 5 ஆண்டு. கெடுவை எண்ண அது தேவைப்படும் என்பதால், முதலில் நாறிய நாளை இன்றே எழுதிவையுங்கள்.