கவிழ்ந்தால் அது முக்கோணம் இல்லையா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "குழந்தைக்கு வடிவங்கள் சொல்லித்தர நல்ல சாப்ட்வேர் எது?" காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸுடன் வரும் பெயிண்ட் போதும்.

இதை நான் தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். அக்கா மகளுக்கு நான்கு வயது. பவர்பாயிண்ட்டில் ஸ்லைடுகள் தயாரித்து வட்டம், சதுரம், முக்கோணம் என்று இரண்டு வாரம் காட்டினேன். கேட்டதும் டக்டக்கென்று சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் சமோசாவின் முனை கீழே இருக்கும்படி பிடித்து, "இது என்ன?" என்றேன்.

"முக்கோணம் இல்ல மாமா."

திருப்பிப் பிடித்தேன். "இப்பதான் முக்கோணம்!" என்றாள். இத்தனை நாள் சொல்லித் தந்தது வீணா என்று சத்தம் போட்டுவிட்டேன். அழுதுகொண்டே அக்காவிடம் ஓடிவிட்டாள்.

இரவு என் ஸ்லைடுகளைத் திறந்து பார்த்தேன். அத்தனை முக்கோணமும் கோபுரம் போல முனை மேலே! அவள் மீது என்ன தப்பு? இந்த வயதில் குழந்தைகள் பக்கங்களை எண்ணுவதில்லை, மொத்தத் தோற்றத்தைத்தான் பார்க்கிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ஹீலே தம்பதி 1957-ல் தங்கள் ஆய்வில் இதைத்தான் வடிவியலின் முதல் படியாக வைத்தார்கள்.

சரி, பெயிண்டைத் திறங்கள். ஷேப்ஸ் பகுதியில் முக்கோணத்தைக் கிளிக் செய்து, மவுஸை இழுத்து வரையுங்கள். செலக்ட் டூலால் அதைச் சுற்றிக் கட்டம் போட்டு, ரொட்டேட் மெனுவில் 180 டிகிரி கொடுத்தால் படம் கவிழும். 90 டிகிரி கொடுத்தால் பக்கவாட்டில் சாயும். இங்கே மவுஸ் குழந்தையின் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மூலைகளைத் திரையில் தொட்டு எண்ணச் சொல்லுங்கள். தானே கவிழ்த்ததை வேறு வடிவம் என்று குழந்தை அவ்வளவு சுலபத்தில் சொல்லாது. நீளமாக, ஒல்லியாக, கோணலாகவும் சில முக்கோணங்கள் வரையுங்கள்.

சதுரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஷிப்ட் கீயை அழுத்தியபடி ரெக்டாங்கிளை இழுத்தால் சதுரம் வரும். அதேபோல் டைமண்டை இழுத்துப் பாருங்கள். வருவதும் சதுரம்தான், முனையில் நிற்கிறது! பெயரைப் பார்த்துப் பெரியவர்களே ஏமாறுவார்கள். பிரின்ட் எடுத்துத் தாளைச் சற்றுத் திருப்பினால் தெரிந்துவிடும். வட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை.

தினம் பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

போன வாரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், சாலையோரம் 'வழி விடவும்' போர்டைக் கண்டதும் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, கவுந்த முக்கோணம்!"