பரணில் கிடைத்த துப்பாக்கி: விலை விசாரிக்கும் முன் தெரிய வேண்டியவை

ஒரகடத்துக்குத் தொழிற்சாலைகள் வந்த பிறகு, வாலாஜாபாத் சுற்றுவட்டாரத்தில் மனையும் வீடும் வேகமாகக் கைமாறுகின்றன. பாகப்பிரிவினைக்காக ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது, அண்டா குண்டாவோடு தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி ஒன்றும் பரணிலிருந்து இறங்கலாம். இந்த மண்ணுக்குத் துப்பாக்கி புதிதல்ல. வாலாஜாபாத் ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளின் பாளையம். சிப்பாய்கள் வேடந்தாங்கலில் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்மக்கள் முறையிட்டு, செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் காப்பு உத்தரவு வாங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்.

துப்பாக்கி கிடைத்ததும் வீட்டுப் பிள்ளைகள் படம் எடுத்து இணையத்தில் விலை தேடுவார்கள். கண்ணில் படுவதெல்லாம் அமெரிக்க விலை. முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி தோட்டா ஏற்றும் ‘பம்ப் ஆக்‌ஷன்’ துப்பாக்கிகளை அங்கே சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். வின்செஸ்டர் 1897 மாடல் 1957-லேயே நின்றுவிட்டது. 1952-இல் வந்த ரெமிங்டன் 760 வேட்டை ரைஃபிளின் உற்பத்தி 1981-இல் முடிந்தது. ரெமிங்டன் கம்பெனியே 2020-இல் திவாலாகி, 2024-இல் அதன் பழைய இலியன் ஆலையும் மூடப்பட்டது. இனி வராத சரக்குக்கு விலை ஏறத்தானே செய்யும்? இந்தியாவில் தனிநபர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருப்பதால், இங்கே ஏற்கெனவே உள்ள வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கும் கிராக்கி உண்டு.

ஆனால் அந்த விலை இரும்புக்கும் மரத்துக்கும் மட்டும் கிடைப்பதல்ல; உரிமத்தோடு சேர்த்துக் கிடைப்பது. உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு நம் நாட்டில் விலை கிடையாது, வழக்குதான் உண்டு.

‘பழசுக்கு லைசென்ஸ் வேண்டாம்’ என்பது உண்மையா?

பாதி உண்மை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு பழமையான ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. ஸ்பிரிங் மாற்றி எண்ணெய் போட்டால் வேலை செய்யும் என்றால், நூறு வருடப் பழசானாலும் அது துப்பாக்கிதான். 2020-இல் விதிகளைத் திருத்தி, ‘கியூரியோ’ வகைக்குள் வரும் பழம்பொருள் துப்பாக்கிகளை இந்தியக் குடிமக்கள் உரிமமின்றி வைத்திருக்க அனுமதித்தார்கள். அவற்றையும் பயன்படுத்தவோ எடுத்துச் செல்லவோ உரிமம் தேவை. நம்முடையது அந்த வகையா என்பதை அதிகாரிகள்தான் சொல்ல வேண்டும். நூறு வயதைத் தாண்டிய பொருளாக இருந்தால் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப முடியாது.

என்ன ஆபத்து?

உரிமமின்றி துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும். உரிமமின்றி விற்கும் தொழில் செய்தால் 7 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை. .303 போன்ற ராணுவத் தோட்டா போடும் ரகங்கள் ‘தடைசெய்யப்பட்ட துளை’ வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு மாவட்ட ஆட்சியர் உரிமம் தர முடியாது.

வீட்டில் துப்பாக்கி இருப்பதே தெரியாதவர் குற்றவாளி அல்ல. அறிந்து வைத்திருப்பதுதான் ‘வைத்திருத்தல்’ என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் விளக்கியிருக்கிறது. அதனால் தெரிந்த நாளிலிருந்து பொறுப்பு உங்கள் தலையில். ‘இது என்ன விலை போகும்?’ என்று வாட்ஸ்அப்பில் போட்ட படமே உங்களுக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சியாகிவிடலாம்.

துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். குழலில் பொறித்த எண் அழிந்திருந்தால், கையில் வைத்திருப்பவரே அழித்ததாகச் சட்டம் கருதும். அப்படியில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

உயிராபத்து தனி. பல பம்ப் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள இன்னொரு குழாயில் வரிசையாகக் கிடக்கும். எட்டிப் பார்த்து ‘காலி’ என்று நினைத்து முன்கட்டையை அசைத்தால், மறைந்திருந்த தோட்டா மேலேறி உட்கார்ந்துவிடும். வின்செஸ்டர் 1897-இல் விசையை அழுத்தியபடி முன்கட்டையைத் தள்ளினாலே வெடிக்கும். தொடாமல் அறையைப் பூட்டி, குழந்தைகளை விலக்கி வையுங்கள்.

என்ன செய்யலாம்?

உரிமம் பெற்றவர் இறந்துபோனால், துப்பாக்கியைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும் (பிரிவு 21). ஒப்படைப்பதால் உரிமை போய்விடாது. உரிமம் கிடைத்தால் வாரிசு அதைத் திரும்பப் பெறலாம். தகுதியுள்ளவருக்கு விற்று அந்தப் பணத்தையும் பெறலாம். விதித்த காலத்துக்குள் எதுவும் செய்யாமல் விட்டால் அரசுடைமையாகிவிடும்.

வைத்துக்கொள்ள விரும்பினால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், பழைய உரிமப் புத்தகம் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ 25 ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தாலோ, உயிரோடிருக்கும்போதே வாரிசைப் பரிந்துரைக்க 2016 விதிகள் இடம் தருகின்றன. வாரிசுரிமையாக வந்தாலும் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. உரிமம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, மேல்முறையீடு செய்யலாம்.

உரிமதாரர் நேரடியாக விற்க நினைத்தால், வாங்குபவரின் பெயர், முகவரியோடு ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். வாங்குபவருக்கும் அதற்கான உரிமம் இருக்க வேண்டும்.

எந்தக் காகிதமும் இல்லாத துப்பாக்கி என்றால், அதைத் துணியில் சுற்றி பைக்கில் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். முதலில் தகவல் சொல்லிக் காவலர்களை வீட்டுக்கு வரவழையுங்கள். எங்கே, எப்போது, யார் முன்னிலையில் கிடைத்தது என்று எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வீடு இடித்த மேஸ்திரியின் சாட்சியம்கூட உதவும். இப்படித் தகவல் கொடுப்பது சட்டப்படி முழுப் பாதுகாப்பு அல்ல. ஆனால் ஒளித்து வைக்கும் எண்ணம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. உரிமமில்லாமல் வைத்திருந்ததாக வழக்குத் தொடர மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதியும் தேவை (பிரிவு 39). அவர் மேசைக்குப் போகும் கோப்பில் உங்கள் கடிதமும் இருக்கட்டும்.

‘நல்ல விலைக்கு வாங்கிக்கொள்கிறோம், கூரியரில் அனுப்புங்கள், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்’ என்று யாராவது அழைத்தால், பணமும் போகும், வழக்கும் வரும். ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100, அல்லது காஞ்சிபுரம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு.

வீட்டில் உரிமத் துப்பாக்கி இருந்தால், உரிமம் எதுவரை செல்லும், யார் பெயரில் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். பெரியவர் இருக்கும்போதே இதைப் பேசி முடித்துவிட்டால், பின்னால் வாரிசுகள் ஸ்டேஷனுக்கும் வக்கீல் வீட்டுக்கும் அலைய வேண்டியிருக்காது.